எனக்குப் பாசிட்டிவ், எல்லப்பனுக்கு நெகட்டிவ்

கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, எனக்குச் சவரம் செய்கிறவர். திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் அந்த சலூனுக்குப் பதினைந்து வருஷமாகப் போகிறேன். அன்றைக்கு இடது தாடைக்குக் கீழே கத்தியை நிறுத்திவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரைட்டரே, இன்னா இது, இங்க உருண்டையா கீது? போன தபா இல்லியே" என்றார்.

வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை. அதனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

என் வேலை பத்திரம் எழுதுவது. பதிவு அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு கடை, ஒரு கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி. மனை வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், பாகம் பிரித்துக்கொள்கிற அண்ணன் தம்பிகள் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். எழுதி முடித்ததும் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். படிக்கத் தெரியாதவர் என்றால் இரண்டு தடவை படிப்பேன். ஊரில் எனக்கு இருந்த நல்ல பேர் அப்படி வந்ததுதான். பிறகு நான் செய்ததைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மாதம் போயும் கட்டி கரையவில்லை. கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல இருந்தது. என் மனைவி கோமதி அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். ஊர்க் குழந்தைகளின் எடையும் உயரமும் அவளுக்கு மனப்பாடம். வீட்டில் ஒரு ஆள் இளைத்தால் அவள் கண்ணில் படாமல் இருக்காது. "நாலு கிலோ கொறைஞ்சிருக்கீங்க. நாளைக்கு லீவு போட்டுட்டேன், கெளம்புங்க" என்று செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டு உள்ளே பார்த்தார். கட்டியில் ஊசி குத்தி எடுத்தார்கள். இடது டான்சிலில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளில் நான் எழுதிய பத்திரங்களில் இரண்டில் சர்வே எண்ணைத் தப்பாகப் போட்டேன். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

முடிவு வந்தது. தொண்டைப் புற்றுநோய். டான்சிலில் ஆரம்பித்துக் கழுத்து நெறிக்கட்டிக்கு வந்திருக்கிறது. நான் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் பீடி சிகரெட் தொட்டதில்லை, புகையிலை போட்டதில்லை, குடி என்பது வருஷத்தில் ஒன்றிரண்டு கல்யாணங்களில். எனக்கு எப்படி வந்தது?

"அதுக்கும் ஒரு டெஸ்ட் அனுப்பியிருக்கோம். அது வரட்டும், பேசலாம்" என்றார் டாக்டரம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். கதிர்வீச்சு சிகிச்சை அவர் பொறுப்பு.

அந்த டெஸ்ட் என்ன என்பதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். வெட்டி எடுத்த சதைத் துணுக்கைத் தாளை விட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டின் மேல் வைக்கிறார்கள். அதில் ஒரு சாயம் ஏற்றுகிறார்கள். நம் உடம்பின் அணுக்களுக்குள் பி-16 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரணமாக அது கொஞ்சம்தான் இருக்கும். சில தொண்டைக் கட்டிகளில் மட்டும் அது நிரம்பிக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் சாயம் பட்ட இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். அதைப் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். பழுப்பு ஏறாவிட்டால் நெகட்டிவ்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்குக் கோமதி காப்பீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருந்தாள். டாக்டரம்மா தாளைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு பி-16 பாசிட்டிவ். இது நல்ல சேதி" என்றார்.

பாசிட்டிவ் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார்.

"எல்லாரும் இப்படித்தான் பயப்படறாங்க. கொரோனா டெஸ்ட் மாதிரி இல்ல சார் இது. இந்த வகைக் கட்டி கதிர்வீச்சுக்கு நல்லா கரையும். திரும்ப வர்றதும் கம்மி. புகையிலையால வர்ற கட்டி பெரும்பாலும் நெகட்டிவா இருக்கும், அது பிடிவாதம் பிடிக்கும். ஆனா ஒண்ணு, இது ஜோசியம் இல்ல. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா எப்படிப் போகும்னு இந்தப் புரதம் சொல்லும். உங்க ஒருத்தருக்கு என்ன ஆகும்னு இதால சொல்ல முடியாது."

பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். இந்த வகை ஒரு வைரஸால் வருகிறது என்றார். அந்த வைரஸ் மனிதர்கள் நெருங்கிப் பழகுவதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது என்றார். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, உடம்பில் பல வருஷம் சும்மா கிடக்கும், எத்தனையோ பேருக்கு வந்து தானாகவே போய்விடும், இதை வைத்து யார் மேலும் பழி போட வேண்டாம் என்றார். "வீட்ல அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லிக்கறீங்களா?"

"நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

டாக்டரம்மா யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்பு, பத்திரத் தொழில் படுத்துக் கிடந்தபோது, தாம்பரத்தில் மனை விற்கிற ஒரு ஆபீஸில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன். அங்கே ஒரு பெண் வேலை பார்த்தாள். அதற்கு மேல் விவரம் இங்கே வேண்டாம். எட்டு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தேன். அது அங்கேயே முடிந்துபோனது என்று நம்பியிருந்தேன்.

கோமதி ஜெராக்ஸோடு வந்து, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஏதோ புரதம் பாசிட்டிவாம். குணமாகற வகையாம்."

"குணமாகறதுக்கு எதுக்குப் பாசிட்டிவ்னு சொல்றாங்க?"

"எனக்கு மட்டும் என்னா தெரியும்" என்றேன்.

முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள், ஏழு வாரம். வாரத்துக்கு ஒரு நாள் கீமோ மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும். ஆரம்பிப்பதற்கு முன் சொத்தைப் பல் மூன்றைப் பிடுங்கினார்கள், பிறகு பிடுங்கினால் தாடை ஆறாது என்று. பிளாஸ்டிக் வலை ஒன்றை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்தினார்கள். அது ஆறியதும் என் முகத்தின் அச்சாகிவிட்டது. தினமும் அதை மாட்டி, மேசையோடு சேர்த்து இறுக்கிவிட்டு, எல்லோரும் வெளியே போய்க் கதவை மூடிவிடுவார்கள். பத்து நிமிஷம்தான். எதுவும் சுடாது, வலிக்காது. தலையை அரை அங்குலம்கூட அசைக்க முடியாது என்பதுதான் கொடுமை. முதல் நாள் எச்சிலை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணீர் வந்துவிட்டது.

வெளியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார்.

"மொத தபாவா? எனக்கு நேத்து. மொகத்து மேல வலையப் போட்டு மேசையோட இறுக்கிடறானுங்கோ. மீனுக்கு எப்டி இருந்துக்கும்னு இப்பதான் தெரியுது."

அவர்தான் எல்லப்பன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். அறுபது வயது. மச்சானோடு கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். நாக்கின் அடிப்பக்கத்தில் புண் வந்து, காதெல்லாம் வலித்து, சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முப்பது வருஷம் பீடி. என் நேரம் காலை பதினொன்று, அவர் நேரம் பதினொன்றே கால். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் அவர் மனைவி தனத்தோடு வருவார். எங்கள் நான்கு பேருக்கும் அந்த வராந்தாவில் ஒரே மூலை என்று ஆகிவிட்டது. கோமதியைத் தங்கச்சி என்றார். நான் பத்திரம் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் என்னை ரைட்டரே என்றார், ஊரில் எல்லோரும் கூப்பிடுவது போலவே.

இரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை அவர் தன் ஃபைலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"நீ இங்கிலீசு படிப்பியே ரைட்டரே, கொஞ்சம் பாத்துச் சொல்லேன். அந்த டாக்டரம்மா என்னென்னமோ சொல்லிச்சு. நெகட்டிவ்னு சொன்னது மட்டும் காதுல வுழுந்துச்சு. அப்பவே எனக்குப் பாதி சீக்கு போயிடுச்சி."

பிரித்தேன். பி-16, நெகட்டிவ். கீழே கட்டியின் அளவு, நெறிக்கட்டி எத்தனை, எல்லாம் இருந்தது.

"நெகட்டிவ்தானே போட்டுகீது?"

"ஆமா."

"அதான. கொரோனா அப்ப எங்க தெருவுல எல்லாத்துக்கும் மூக்குல குச்சி வுட்டாங்க. நெகட்டிவ் வந்தவன வூட்டுக்குப் போடான்னுட்டாங்க. பாசிட்டிவ் வந்தவனத்தான் வண்டில ஏத்தினு போனாங்க." பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உனக்கு இன்னா வந்துச்சி?"

கோமதி என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்கிலிருந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு நெகட்டிவ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டுமென்றால், எனக்குப் பாசிட்டிவ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அது எதனால் வருகிறது என்று தனம் கேட்பாள். கோமதி கேட்பாள். நான் ஃபைலை மூடினேன்.

"எனக்குப் பாசிட்டிவ்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பும் கயிறும் பட்டுக் காய்த்துப்போன கை. "ஒண்ணும் ஆவாது ரைட்டரே. நான் கீறேன்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு தூக்கில் மீன் சாறு வந்தது. மிளகாய் இல்லாமல், முள் இல்லாமல், துணியில் வடிகட்டியது. தனம் விடியற்காலையில் எழுந்து வைத்து எடுத்து வருவாள். எனக்கு நாக்கில் ருசி செத்துப்போயிருந்தது. எதைக் குடித்தாலும் துரு தின்பது போல இருக்கும். அந்தச் சாறு ஒன்றுதான் இறங்கியது. வெள்ளிக்கிழமை குப்பத்து அம்மன் கோயில் குங்குமத்தைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து எல்லப்பன் என் நெற்றியில் வைத்தார். "உம் பேர்லதான் வேண்டினேன். எனக்கு எதுக்கு, எனக்குத்தான் நெகட்டிவ் ஆச்சே" என்றார். நான் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாட்கள் போயின.

நான்காம் வாரம் தொண்டை வெந்தது. வேறு சொல் இல்லை. வாய் முழுக்கப் புண். எச்சில் பசை மாதிரி இழுத்தது. கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு, அதில்தான் கஞ்சியும் பாலும் மருந்தும். குரல் அடைத்துப் போனது. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டேன். ஓசூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால் நான் கையை மட்டும் ஆட்டுவேன், கோமதி பேசுவாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் குழாயில் கஞ்சி ஊற்றுவாள், பிறகு சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுவாள். குழந்தைகளுக்குச் சத்துமாவு கரைக்கிற அதே கவனம். கட்டி தட்டாமல் மூன்று தடவை வடிகட்டுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை எல்லப்பன் வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. வியாழக்கிழமை என் முகமூடியைக் கழற்றும்போது, மெஷின் பார்க்கிற தம்பி, "உங்க ஃபிரெண்டுக்கு இன்னா சார் ஆச்சு? போன் போட்டா, எனக்கு நெகட்டிவ்தான், வலி தாங்கல, மீதிய அப்புறம் பாத்துக்கறேன்னு சொல்றாரு. அப்படி இல்லீங்க, வாங்கன்னு சொன்னா கட் பண்ணிட்டாரு" என்றார்.

அவர் சொன்னதை நான் மேசையில் படுத்தபடியே கேட்டேன். கதிர்வீச்சை நடுவில் விட்டால் மிஞ்சிய அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும் என்று ஆரம்பத்திலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவருடையது பிடிவாதக் கட்டி. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். வீட்டுக்கு வந்ததும் மதியக் கஞ்சி ஏறியது. கோமதி குழாயைக் கழுவி மூடினாள். நான் எழுத உட்கார்ந்தேன். முப்பது வருஷம் ஊரார் பத்திரம் எழுதிய கை, இரண்டு பக்கம் எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. புரதம் என்றால் என்ன, பாசிட்டிவ் எதனால், நெகட்டிவ் என்றால் என்ன, எல்லப்பன் ஏன் வரவில்லை. பிறகு தாம்பரம். எதையும் பூசி மெழுகவில்லை.

அவள் ஜன்னல் பக்கம் நின்று படித்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்தைப் படித்து முடித்த பிறகும் கண் அதிலேயே நின்றது. நோட்டை மூடி மேசை மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் இல்லை, வெறும் தண்ணீர்.

திரும்பி வந்தபோது புடவை மாற்றியிருந்தாள்.

"கெளம்புங்க. போன்ல சொன்னா அந்த மனுஷன் கேக்க மாட்டாரு. நேர்ல போவணும்."

நோட்டை இழுத்து, 'உனக்கு' என்று எழுத ஆரம்பித்தேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"அது அப்புறம். முதல்ல அவரு."

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மூக்கில் குழாயோடு வந்த என்னைப் பார்த்து எதிர் சீட்டுப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் நடுவில் பையை வைத்திருந்தாள்.

எல்லப்பன் கரையில், படகின் நிழலில் உட்கார்ந்து வலையிலிருந்து நெத்திலியை உதறிக்கொண்டிருந்தார். கழுத்து என்னுடையது போலவே கருகியிருந்தது. குரல் கரகரத்தாலும் பேச முடிந்தது. என்னைக் கண்டதும் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். சாகப்போகிறவன் சொல்லிக்கொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்தார் போல, கண் கலங்கிவிட்டது.

"ஏன் ரைட்டரே இந்த ஒடம்ப வெச்சினு வந்த? சொல்லி வுட்டா நான் வந்துருக்க மாட்டனா?"

"அண்ணே, இவரால பேச முடியல. நான் சொல்றேன், கோவப்படாம கேளுங்க" என்றாள் கோமதி. தனமும் மீன் கூடையோடு வந்து நின்றாள்.

கோமதி சொன்னாள். தாய்மார்கள் கூட்டத்தில் தடுப்பூசி பற்றிச் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்தப் புரதம் இல்லை என்றுதான் அர்த்தம். அது இல்லாத கட்டிக்கு வைத்தியம் ஒழுங்காக, ஒரு நாள்கூட விடாமல் நடக்க வேண்டும். நடந்தால் குணமாக வழி இருக்கிறது. விட்டால் திரும்பி வந்துவிடும்.

"அப்ப பாசிட்டிவ்தான் நல்லதா?"

"இந்த நோய்க்கு ஆமாண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு ஃபைலப் படிச்சாரே."

"படிச்சாரு. சொல்லல."

"ஏன் சொல்லல?"

கோமதி மணலைப் பார்த்தாள். "உங்ககிட்ட சொன்னா என்கிட்டயும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கும். அதனால சொல்லல. எனக்கே இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்."

தனத்துக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது. கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். "நீயெல்லாம் படிச்ச மனுசனா? உனக்குத் தெனம் சாறு வெச்சிக் குடுத்தேனே. ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?" ஃபைலைப் படித்த அன்றைக்கு எனக்கு வாய் வந்ததுதான். அதற்குப் பிறகும், குரல் போகிற வரை, வந்துகொண்டுதான் இருந்தது.

எல்லப்பன் ஒன்றும் திட்டவில்லை. திரும்பிப் போய் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்குப் போயி வேண்டிகினு கெடந்தன்யா" என்றார். பிறகு, "நீ போ" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு அவரும் தனமும் வந்தார்கள். வராந்தாவின் மறு கோடியில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. விட்டுப்போன நாட்களை ஈடு கட்ட சனிக்கிழமையும் அவரை வரச் சொன்னார் டாக்டரம்மா. என் முப்பத்தைந்து முடிந்த பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார் என்று மெஷின் தம்பி சொல்லித்தான் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். என் கட்டி இருந்த இடம் சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா சிரித்தார். நான் எல்லப்பனைப் பற்றிக் கேட்டேன். அவர் ரிப்போர்ட்டை என்னிடம் சொல்லக் கூடாது என்றார். அது சரிதான்.

எல்லப்பனே அதைக் கொண்டுவந்தார். ஒரு நாள் மதியம் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கி வந்து ஃபைலை என் மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

"படி. ஒரு வரி வுடாமப் படி."

என் குரல் அப்போது திரும்பியிருந்தது, பழைய குரல் இல்லை, ஓட்டைப் பாத்திரத்தில் தட்டுவது போல ஒன்று. படித்தேன். நாக்கில் இருந்த புண் போய்விட்டது. கழுத்தில் வலது பக்கம் ஒரு நெறிக்கட்டி மட்டும் போகவில்லை. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ் சொன்னேன். தெரியாத இரண்டு வார்த்தைக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இன்னொரு தபா" என்றார். மறுபடி படித்தேன்.

ஆபரேஷன் நடந்தது. இப்போது அவருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வலை இழுக்க முடியாது. கரையில் இருந்து மச்சானுக்குக் கணக்குச் சொல்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. இதுவரை திரும்பவில்லை. எந்த மாதம் என்ன வரும் என்று தெரியாது. விட்டுப்போன அந்த ஐந்து நாளால்தான் நெறிக்கட்டி மிஞ்சியதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதனாலயும் இருக்கலாம், கட்டியோட குணத்தாலயும் இருக்கலாம். யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, உண்மையே அதுதானா தெரியவில்லை. எப்படியானாலும் அது என்னோடு இருக்கும்.

கோமதி நோட்டில் படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய் எடுக்கிற வரை கஞ்சி ஊற்றினாள். எடுத்த பிறகு சோற்றைக் குழைத்து வைத்தாள். மகள் வந்தபோது சிரித்துப் பேசினாள். என்னோடு பேசியதெல்லாம் மருந்து, பால், கரன்ட் பில். நான் இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டாள்.

போன மாதம் எனக்குப் பரிசோதனை முடிந்து, எல்லப்பனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இறங்கியது. கிரிவலம் வந்தவர்கள் போல, எல்லார் நெற்றியிலும் விபூதி. பஸ் பாதி காலியானது. முன்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த கோமதி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ பேரு இன்னா?"

சொன்னேன்.

"இப்ப எங்க இருக்கா?"

"தெரியாது. அந்த ஆபீஸையே மூடிட்டாங்க. நம்பரும் இல்ல."

பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் போன ஆடியிலயே போய் டெஸ்ட் எடுத்துக்கிட்டேன். மீட்டிங்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு. அந்த வைரஸ்தான் பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ல வரும். எங்க ட்ரெய்னிங்லயே சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

என் பல் பிடுங்கியதிலிருந்து கடைசி ஸ்கேன் வரை ஒரு நாள்கூட அவள் என்னை ஆஸ்பத்திரிக்குத் தனியே விட்டதில்லை. அவள் மட்டும் டெஸ்ட்டுக்குத் தனியாகப் போய் மேசையில் படுத்திருக்கிறாள். முடிவு வருகிற வரைக்கும், எத்தனை நாளோ, எனக்குக் கஞ்சி வடிகட்டிக்கொண்டே காத்திருந்திருக்கிறாள். இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கோமதி" என்றேன்.

"அவளும் டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கணும். அவளுக்கு யார் சொல்லுவாங்க?" என்றாள். "உங்ககிட்டேர்ந்து அவளுக்கா, அவகிட்டேர்ந்து உங்களுக்கா, அது எனக்கு வேணாம். பத்திர ஆபீஸ்ல பத்து தலைமுறைக்கு முன்னாடி யாரு சொத்து யாருக்குப் போச்சுன்னு தேடி எடுக்கறீங்க இல்ல? தேடுங்க."